ழ எங்கே போனது?

ஏழு அங்குலத் திரை, அரைக் கிலோவைச் சற்றே தாண்டிய எடை. இந்தக் குட்டி மடிக்கணினியைச் சில வாரங்களாகத் தோள்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். வேகம், நினைவகம், பேட்டரி எதிலும் குறையில்லை. ரயிலின் மேல் படுக்கையில்கூட விரித்து வைக்கலாம். எழுத ஆரம்பித்தால்தான் கோபம் வருகிறது.

நான் தட்டுவது தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா'வுக்கு நான்கே தட்டு. அந்த அமைப்பில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகளின் விசைகளில் இருக்கின்றன. அரைப்புள்ளி விசையில் ந, மேற்கோள் விசையில் ய, சாய்கோட்டு விசையில் ழ. ஆங்கிலம் எழுதுகிறவருக்கு இவை எப்போதாவது வேண்டிய குறிகள். அதனால் பலகையைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வலது ஓரம்தான். என் கருவியில் ச, ஞ விசைகள் பாதி அகலம். ய ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டது. ழ வேண்டுமென்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும். 'செய்ய', 'வாழ்ந்த' என்று எழுதும்போதெல்லாம் விரல் தடுமாறி, யோசித்து வைத்த வாக்கியமும் கலைந்துபோகிறது. ழ எழுதக் குறுக்குவழி தேடும் நிலையில் ஒரு தமிழ் எழுத்தாளரை வைப்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டலாமே என்பார்கள். தட்டலாம்தான், ஆண்டுக்கணக்கில் விரல்களுக்குப் பழகியதை ஒரு கருவிக்காக ஏன் விட வேண்டும்?

குட்டிக் கருவியில் தமிழ்99 ஏன் அடங்குவதில்லை என்ற கணக்கு எளிது. வழக்கமான பலகையில் ஒரு விசையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 19 மி.மீ. ஆங்கிலத்தின் மேல்வரிசை பத்து எழுத்துக்கு 19 செ.மீ. போதும். தமிழ்99-இன் மேல்வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள். ஏறக்குறைய 23 செ.மீ. ஆகிவிடுகிறது. 2007-இல் வந்த ஏசஸ் ஈ பிசி 701-இன் மொத்த அகலமே 22.5 செ.மீ. தான்!

இந்தச் சிக்கலை ஐபிஎம் 1995-லேயே அழகாக அவிழ்த்தது. ஜான் கரிடிஸ் வடிவமைத்த திங்க்பேட் 701-இன் மூடியைத் திறந்தால், இரண்டு துண்டாக இருக்கும் விசைப்பலகை நகர்ந்து ஒன்றுசேர்ந்து, உடலைவிட அகலமாக விரியும். ஆப்பிளின் 2015 மேக்புக் வேறு வழியில் போனது: 920 கிராம் எடை, 28 செ.மீ. அகலம், விளிம்புவரை விசைகள். அதில் விசைகள் ஆழம் இல்லாதவை, எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ழ அதன் இடத்தில் இருக்கிறது.

வாசிக்க, மெய்ப்புப் பார்க்க இந்தக் குட்டி இனியும் என் பையில் இருக்கும். கட்டுரை எழுத 28 செ.மீ.க்குக் குறுகிய எதையும் வாங்க மாட்டேன். நீங்களும் தமிழ்99 தட்டுகிறவர் என்றால், கடையில் எடையைப் பார்க்குமுன் அந்த ஐந்து விசைகளையும் தட்டிப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால், மேலிருந்து எடுத்த விசைப்பலகைப் படத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.