கழிக்கிற சீட்டு

ரம்மி ஆடுகிறவரின் தரத்தை அவர் எடுக்கும் சீட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. வேண்டிய சீட்டு வந்தால் யாரும் எடுத்துக்கொள்வார்கள். எதைக் கழிக்கிறார், எத்தனையாவது சுற்றில் கழிக்கிறார், கழித்திருக்கலாம் என்று தோன்றுகிற எதைக் கழிக்காமல் சுமக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஆட்டத்தின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மூலனூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, கடைசிப் பந்தி எழுந்த பிறகு, ஜமுக்காளம் விரித்து ஐந்து பேர் உட்கார்வார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர், முருங்கைத் தோட்டம் வைத்திருப்பவர், ஆட்டு வியாபாரி, ஓய்வுபெற்ற வாத்தியார், லீவுக்கு வந்த காலேஜ் பையன் என்று கலவையாக இருக்கும். காசு வைக்க மாட்டார்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதிப் புள்ளி போடுவார்கள். சுற்றிலும் அவர்களைவிட அதிகமானோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. ஆடுகிறவருக்குத் தன் கை மட்டும்தான் தெரியும். பின்னால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தவருக்கு இரண்டு கை தெரியும். ஒரே சூழ்நிலையில் இரண்டு மனசு எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியும்.

மறைத்து ஆடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மறைமுக ஏலத்தில்தான் போகிறது. வியாபாரி மூட்டையைப் பார்த்து விலையை எழுதிப் போடுவார். பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று தெரியாது. பஞ்சைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, மற்றவர் எவ்வளவுக்குப் போவார் என்று நினைக்கவும் தெரிய வேண்டும். ரம்மி கேட்பதும் இந்த இரண்டாவது அறிவைத்தான்.

விதி எளிது. இரண்டு கட்டு, ஜோக்கர் சேர்த்து. ஆளுக்கு 13 சீட்டு. ஜோக்கர் கலக்காமல் ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சேர்ந்தால் அது லைஃப். ஒரே எண் வெவ்வேறு இனத்தில் மூன்றோ நான்கோ சேர்ந்தால் செட். லைஃப் இல்லாமல் மாட்டிக்கொண்டால் கையிலிருக்கும் அத்தனையும் எண்ணிக்கைக்கு வரும், 80 வரை. முதல் சீட்டிலேயே ஆட்டத்தை விட்டு ஒதுங்கினால் ஸ்கூட், 20 புள்ளி. நடுவில் ஒதுங்கினால் 40.

புதிதாக ஆடுகிறவர் தன் கையை மட்டும் பார்ப்பார். ராஜா, ராணி வந்தால் முகம் மலரும். ஒவ்வொன்றும் 10 புள்ளிச் சுமை என்பது கடைசியில்தான் உறைக்கும். கீழே கிடப்பது எதுவானாலும், தன் சீட்டுக்குக் கொஞ்சம் பொருந்தினால் எடுத்துவிடுவார். எடுத்த மறுகணம், தன் கையில் என்ன இருக்கிறது என்று மேஜை முழுக்கச் சொல்லிவிட்டார். இந்தப் படியில் இருப்பவருக்கு இரண்டே பாடம் போதும்: முதலில் லைஃபைத் தேடு, கீழே கிடப்பதை லைஃப் சேர்க்கவோ ஆட்டத்தை முடிக்கவோ தவிர எடுக்காதே. இதை மட்டும் பிடித்துக்கொண்டவர் பத்து ஆட்டத்தில் பெரிய தோல்வி காண மாட்டார்.

அடுத்த படி கணக்கு. ஆட்டின் (ஹார்ட்) 7, 8 வைத்திருக்கிறோம் என்றால் 6 வந்தாலும் 9 வந்தாலும் சேரும். இரண்டு கட்டில் அப்படி நான்கு சீட்டு. 7, 9 வைத்துக்கொண்டு 8க்குக் காத்திருந்தால் இரண்டே சீட்டு. அந்த ஆட்டின் 7, 8 கூட ஒரு இஸ்பேட் 8 இருந்தால்? ஆட்டின் 6, 9 நான்கு, டைமன் 8, கிளாவர் 8 நான்கு, ஆக எட்டு. மூன்றே சீட்டில் எட்டு வாசல். நம் கண்ணுக்குத் தெரியாத சீட்டு ஆரம்பத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் இருக்கும். அதில் எட்டு என்பதற்கும் இரண்டு என்பதற்கும் உள்ள தூரம்தான் நல்ல கைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள தூரம். இனி ஞாபகம் வேண்டும். இரண்டு ஆட்டின் 6ம் கழிந்து போயிருந்தால் நான்கு வாசலில் இரண்டு அடைத்தாயிற்று. அதைக் கவனிக்காமல் இன்னும் நான்குக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இதில் ஒரு நுட்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெட்டி வைத்த ஜோக்கர் 5, அதாவது அந்த ஆட்டத்தில் எந்த 5ம் ஜோக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் 5ஐ சாதாரணச் சீட்டாக வைத்து வரிசை கட்ட மாட்டார்கள். ஜோக்கரை அப்படி வீணாக்க மனசு வராது. அதனால் 4ம் 6ம் மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. கழிக்கும்போது அந்த அக்கம்பக்கம் பத்திரமான இடம். ஒரு சீட்டு மேலே திரும்பிக் கிடப்பதாலேயே நான்கு இனத்திலும் எதெது மதிப்பு இழந்தது என்று பார்க்கத் தெரிந்தவர் மூன்றாம் படிக்கு வந்துவிட்டார்.

மூன்றாம் படியில் கண் கையை விட்டு வெளியே போகிறது. நாம் கழிப்பதை எடுக்கக்கூடியவர் நமக்கு அடுத்து ஆடுபவர் மட்டும்தான். அவர் டைமன் 8ஐ எடுத்தார் என்றால், டைமன் 6, 7, 9, 10ம் வேறு எந்த 8ம் நம் கையிலிருந்து போகக் கூடாது. நமக்கு முந்தி ஆடுபவர் வேறு கதை. அவர் கழிப்பது நமக்கு வரும். அவருக்குத்தான் தூண்டில் போட வேண்டும். ஆட்டின் 7, 9 வைத்துக்கொண்டு 8க்கு நிற்கிறோம். கையிலிருக்கும் இஸ்பேட் 8ஐத் தூக்கிப் போடுகிறோம். ‘இவருக்கு எட்டு வேண்டாம் போல’ என்று நினைத்து அவர் ஆட்டின் 8ஐக் கழிக்கிறார்.

ஆனால் கீழே விழும் சீட்டைப் பார்க்கிறவருக்குத்தானே தூண்டில்? தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் காலேஜ் பையனுக்கு முன் இஸ்பேட் 8ஐப் போட்டால் அது வெறும் நஷ்டம். எதிரே இருப்பவர் எந்தப் படியில் இருக்கிறாரோ, அதற்கு ஒரு படி மேலே நின்று ஆட வேண்டும். இரண்டு படி ஏறினால் தோற்போம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் புதியவர்களிடம் தோற்பது இதனால்தான். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது ஆளைப் படிக்காத குறையாகவே தெரிகிறது.

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் இதே விஷயம் இன்னும் கூர்மையாக வரும். ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டு. கையில் ஒன்றுமில்லாமல் பெரிய தொகை வைத்து மிரட்டுவது அங்கே பேர்போன வித்தை. எதை வைத்தாலும் விடாமல் கூடவே வருகிற ஆளிடம் அந்த மிரட்டல் பலிக்காது என்பது அங்கும் முதல் பாடம். நன்றாக ஆடுகிறவரிடமோ, மிரட்டலும் உண்மையும் ஒரு அளவில் கலந்திருக்க வேண்டும். கடைசிச் சீட்டு விழுந்த பின், நடுவில் சேர்ந்திருக்கும் தொகை அளவுக்கே வைக்கிறோம் என்றால், இரண்டு முறை உண்மைக்கு ஒரு முறை பொய் என்பது கணக்கு. அந்த அளவில் கலந்தால் எதிராளி பிடித்தாலும் விட்டாலும் அவருக்கு ஒன்றுதான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோவம் பிரவுனும் செய்த லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், 2017இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி ஜெயித்தது. முகம் பார்க்கத் தெரியாத நிரல் அது. கலக்கிற அளவை விடாமல் காத்தே ஜெயித்தது. நம் ஜமுக்காளத்திலும் இது பொருந்தும். சில சமயம் இஸ்பேட் 8ஐ உண்மையிலேயே வேண்டாமென்றும் போட வேண்டும். எப்போதும் தூண்டிலாகவே போடுகிறவரின் தூண்டில் ஒரே இரவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆகப் பெரிய கழிப்பு, கை முழுவதையும் கழிப்பது. ஹோல்டமில் முதல் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். இரண்டும் ஏஸாக வருவது 221 முறைக்கு ஒருமுறை. பெரும்பாலான கைகளை ஆரம்பத்திலேயே கவிழ்த்துவிடுகிறவரே நின்று ஆடுவார். ரம்மியில் அதுவே ஸ்கூட். புதியவருக்கு ஸ்கூட் அவமானமாகப் படும். ‘சும்மா ஆடிப் பார்ப்போம்’ என்று 80 வாங்குவார். அந்த 80க்கு நான்கு முறை ஸ்கூட் அடித்திருக்கலாம்.

நூத்தியொண்ணு ஆட்டத்தில் இது இன்னும் சுவையாகிறது. 101 தொட்டவர் வெளியே. 80ல் நிற்பவர் ஸ்கூட் அடித்தால் 100, உயிர் இருக்கும். 81ல் நிற்பவர் ஸ்கூட் அடித்தால் அதோடு சரி. அவர் எந்தக் கை வந்தாலும் ஆடியே தீர வேண்டும். அந்த ஒரு புள்ளியில் மேஜையே மாறிவிடுகிறது. லைஃப் வாசனையே இல்லாத கையோடு அவர் உட்கார்ந்திருக்கலாம் என்பதால் மற்றவர்கள் சாதாரணமாகக் கவிழ்க்கும் கையையும் எடுத்து ஆடிப் பார்ப்பார்கள். நல்ல ஆட்டக்காரர் 60ஐத் தாண்டும்போதே இதை யோசிக்கத் தொடங்கியிருப்பார்.

செகந்திராபாத் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுவதில்லை ரம்மி, விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதில் திறமை வேண்டும் என்று விளக்கியது. நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய அந்தப் பகுதி ஒரு நல்ல ரசிகர் எழுதியது போலவே இருக்கும். பிறகு ஆட்டம் போனுக்குள் போய், காசு கலந்து, தமிழ்நாட்டில் குடும்பங்கள் அழிந்தன. நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022இல் அவசரச் சட்டம், 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2025இல் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை விதித்த மத்திய சட்டம் என்று அது வளர்ந்தது. தடை வந்ததில் எனக்கு நிம்மதிதான். ஆட்டம் திறமையானது என்பது உண்மை. அந்தத் திறமை ஒருவரின் சம்பளத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ள நியாயம் ஆகாது. காசு வைக்காத ஜமுக்காளத்தில் அந்தத் திறமை கொஞ்சமும் குறைவதில்லை.

அப்படி ஒரு ஜமுக்காளத்தில் பார்த்த ஒரு கை. ஆட்டு வியாபாரியான பெரியவரிடம் லைஃப் சேர்ந்துவிட்டது. ஜோக்கர் வைத்து நான்கு சீட்டு வரிசை ஒன்றும் இருந்தது. நான்கு இனத்திலும் ஒவ்வொரு 4 வைத்து நான்கு சீட்டு செட். மிச்சம் கிளாவர் 8, 9. கிளாவர் 7 அல்லது 10 வந்தால் ஆட்டம் முடிந்தது. அடுத்து ஆடும் கட்டிங் மாஸ்டர் ஏற்கெனவே ஆட்டின் ஜாக்கியையும் கிளாவர் 10ஐயும் எடுத்திருந்தார். அதன்பின் கட்டிலிருந்து வருவதையெல்லாம் அப்படியே கழித்துக்கொண்டிருந்தார். ஒரே சீட்டுக்கு நிற்கிறார் என்று அர்த்தம்.

பெரியவருக்கு வந்தது ஆட்டின் 10. தனக்கு எதற்கும் ஆகாத சீட்டு. நடுத்தர ஆட்டக்காரர் யாரும் அதைத் தொட்ட கையோடு போட்டிருப்பார். பெரியவர் அதைக் கையில் செருகிவிட்டு, நான்கு 4இல் இஸ்பேட் 4ஐ எடுத்துப் போட்டார். கட்டி முடித்த செட்டை ஏன் உடைக்கிறார் என்று என் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். உடையவில்லை. மூன்று 4 இருந்தாலே செட்தான். நான்காவது அவருக்கு இனாமாக ஒரு கழிப்பு, அதுவரை தொடாமல் வைத்திருந்தார். தோற்றால் உதிரிச் சீட்டு 17க்குப் பதில் 27 எண்ண வேண்டிவரும். அந்தப் பத்துப் புள்ளியை ஈடு வைத்தார்.

மூன்று சுற்று கழித்துக் கிளாவர் 7 வந்தது. ஆட்டின் 10ஐக் கவிழ்த்துப் போட்டு முடித்தார். கட்டிங் மாஸ்டர் தன் கையை விரித்தார். ஆட்டின் ஜாக்கி, ராணி; அவர் நின்றது 10க்கோ ராஜாவுக்கோ.

“அந்த நாலை எப்படி மாமா தைரியமாப் போட்டீங்க? எனக்கு ஆகாதுன்னு எப்படித் தெரியும்?”

“ரெண்டாவது சுத்துல இஸ்பேட் அஞ்சைப் போட்டீங்களே மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கட்டைக் கலைக்கத் தொடங்கினார்.