கட்டிலின் இரண்டு பக்கம்

ஆஸ்பத்திரியை வைத்துக் கதை பண்ணுவது சுலபம் என்று கதைக்காரர்களாகிய எங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சாவு அங்கே தயாராக இருக்கிறது. அழுகையும் இருக்கிறது. டெட்டால் வாசனையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டால் வாசகனின் மனம் இளகிவிடும். நானும் இப்படி நம்பிக்கொண்டு ஒரு கதை எழுதியவன்தான். பத்திரிகையில் வந்தது; நாலு பேர் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள். அது பொய்க் கதை என்று எனக்கு உணர்த்தியவை இரண்டு அமெரிக்கப் புஸ்தகங்கள். இரண்டும் பொது மருத்துவம் பயிலும் இளம் டாக்டர்களைப் பற்றியவை. முதலில் அவற்றைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு ஒருவன் போர்டு மாட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்க உட்கார்ந்துவிட முடியாது. பொது மருத்துவம் என்றால் இன்னும் மூன்று வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற வேண்டும். முதல் வருஷக்காரனை இன்டர்ன் என்பார்கள், பிறகு ரெஸிடெண்ட். ரெஸிடெண்ட் என்றால் குடியிருப்பவன். 1889இல் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தபோது இந்த ஏற்பாட்டை அங்கே வகுத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆஸ்லர். பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரிக் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பதே உசிதம் என்று கருதப்பட்டது. ஏறக்குறைய ஒரு மடம் என்று வைத்துக்கொள்ளலாம். வகுப்பறையைவிட நோயாளியின் கட்டிலருகே கற்பதுதான் கல்வி என்பது ஆஸ்லரின் கொள்கை. அதே ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு வழி வகுத்த வில்லியம் ஹால்ஸ்டெட், கொகேய்னை மரப்பு மருந்தாகத் தம்மேலேயே சோதித்துப் பார்க்கப் போய் அதற்கு அடிமையாகித் தவித்தவர். இந்தக் குருகுலத்தை ஆரம்பித்தவர்களிடையிலேயே இப்படி ஒருவர் இருந்தார் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதல் புஸ்தகம் 'தி ஹவுஸ் ஆஃப் காட்' என்ற நாவல், 1978இல் வந்தது. எழுதியவர் ஸாமுவேல் ஷெம். இது புனைபெயர். நிஜத்தில் அவர் ஸ்டீஃபன் பெர்க்மன் என்ற மனநோய் மருத்துவர். போஸ்டனில் யூத சமூகத்தார் 1916இல் நிறுவிய பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் அவர் இன்டர்னாக இருந்த அனுபவமே நாவலுக்கு மூலம். கதாநாயகன் ராய் பாஷுக்கும் அவன் தோழர்களுக்கும் குருவாக வாய்க்கிறவன் ஒரு மூத்த ரெஸிடெண்ட். அவனைக் குண்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவன் புஸ்தகத்தில் இல்லாத பாடங்களைச் சொல்லிக்கொடுக்கிறான். சாகவும் முடியாமல், பிழைக்கவும் முடியாமல் கிடக்கும் கிழடுகளுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் கோமர். 'என் அவசரப் பிரிவை விட்டு வெளியே போ' என்பதன் சுருக்கம் அது. அவர்களுக்குச் சோதனைமேல் சோதனை செய்தால்தான் கெடுதல், சும்மா விட்டால் நன்றாக இருப்பார்கள் என்பது அவன் சித்தாந்தம். கேஸ் ஷீட்டை மெருகேற்றி நோயாளியை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடும் வித்தையும் அவனுக்கு அத்துபடி.

படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அது வெறும் கோமாளித்தனமும் அல்ல. அளவுக்கு மீறிய வைத்தியமே வியாதியாகிவிடும் என்பதை ஒரு டாக்டர் உள்ளே இருந்துகொண்டு சொன்னது துணிச்சலான காரியம். தூக்கமில்லாத நல்ல பையன் ஒருவன் எப்படிப் படிப்படியாகக் கல்லாகிப் போகிறான் என்பதை இத்தனை கூர்மையாக எழுதிய நாவலை நான் வேறு படித்ததில்லை. பாட்ஸ் என்ற இன்டர்ன், தன் நோயாளி ஒருவனுக்கு ஒரு மருந்தைக் கொடுக்காமல் விட்டோமே என்று மனம் புழுங்கி, கடைசியில் மாடியிலிருந்து குதித்து உயிரை விடுகிறான். அங்கே நம் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது.

ஆனால் எனக்கு ஒரு குறை. அந்தக் கிழவர் கிழவிகளுக்கு நாவலில் பெயர் இருக்கிறது, வாழ்க்கை இல்லை. கூச்சல் போடுகிறார்கள், கட்டிலிலிருந்து விழுகிறார்கள், மறுபடி ஏற்றிப் படுக்கவைக்கப்படுகிறார்கள். எந்த ஊரில் பிறந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், யாரைப் பெற்று வளர்த்தார்கள்? ஆசிரியருக்குத் தெரிந்துகொள்ள அவகாசம் இல்லை. நர்ஸுகளும் பெரும்பாலும் கதாநாயகனின் இச்சைக்காகவே வந்து போகிறார்கள். களைத்துப்போன இன்டர்னுக்கு உலகம் அப்படித்தான் தெரியும், அதைக் காட்டுவதுதான் நோக்கம் என்று பதில் சொல்லலாம். கெட்டிக்காரப் பதில்தான். ஆயினும் கதாநாயகனின் கண்ணுக்குத் தெரியாதது ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நோயாளியை நடத்திய விதத்துக்கும் நாவல் நடத்திய விதத்துக்கும் என்ன வித்தியாசம்?

நாவல் வந்து ஆறு வருஷம் கழித்து, 1984 மார்ச்சில், லிபி ஸயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அன்று இரவு அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஓர் இன்டர்னும் ஒரு ரெஸிடெண்டும். பெண்ணின் தகப்பனார் பத்திரிகைக்காரர், லேசில் விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 80 மணி, ஒரே மூச்சில் 24 மணி என்று வரம்பு கட்டியது. 80 மணி வரம்பு 2003இல் தேசம் முழுவதற்கும் வந்தது. 2011இல் இன்டர்னுக்கு ஒரு தடவைக்கு 16 மணிதான் என்று குறைத்தார்கள். 2017இல் பழையபடி 24 ஆக்கினார்கள். வாரத்துக்கு 80 மணி என்பதே சலுகை என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் அவசியம். ஆனால் தூக்கம் ஒன்றுதான் குறையா என்ற கேள்விக்கு இரண்டாவது புஸ்தகத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது.

அதை எழுதியவர் ஆபிரகாம் வர்கீஸ். கேரளப் பெற்றோருக்கு அடிஸ் அபாபாவில் பிறந்தவர்; நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். 1980இல் டென்னஸி மாநிலத்தின் ஜான்ஸன் சிட்டி என்ற சின்ன ஊரில் பொது மருத்துவ ரெஸிடெண்டாகச் சேர்ந்தார். பேர்பெற்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் கதவு அந்நிய தேசத்தில் படித்தவனுக்கு லேசில் திறக்காது. சிற்றூர்களிலும், நகரத்தின் ஏழைப் பகுதிகளிலும் இருக்கும் ஆஸ்பத்திரிகள்தான் அவனுக்கு இடம் கொடுக்கும். உள்ளூர்க்காரர்கள் வர மறுக்கும் அந்த வார்டுகளை ஓட்டுவதும் அவன்தான். 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' நாவலில் வர்கீஸ் இரண்டு வகை ஆஸ்பத்திரிகளுக்கும் பெயர் வைக்கிறார். ஒன்று மேஃப்ளவர், பூர்வ குடியேறிகள் வந்த கப்பலின் பெயர். மற்றது எல்லிஸ் தீவு, பிற்பாடு வந்த ஏழைகள் கரையேறிய இடம்.

நான் சொல்லவந்தது 1998இல் வந்த அவருடைய 'தி டென்னிஸ் பார்ட்னர்'. இது நாவல் அல்ல, சுயசரிதம். டெக்ஸஸ் எல்லையில் எல் பாஸோ நகரத்து ஆஸ்பத்திரியில் வர்கீஸ் பொது மருத்துவ ஆசிரியர். அவருடைய மணவாழ்க்கை முறிந்துகொண்டிருக்கிறது. அவரிடம் பயில வருகிறான் டேவிட், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழைய டென்னிஸ் ஆட்டக்காரன். வார்டில் இவர் குரு; டென்னிஸ் மைதானத்தில் அவன் குரு. டேவிட் கொகேய்னுக்கு அடிமையாகி மீண்டவன் என்பது பிறகு தெரியவருகிறது. மறுபடியும் விழுகிறான். முடிவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான்.

சென்னையில் கற்றுக்கொண்ட வித்தைகளைத்தான் வர்கீஸ் அங்கே சொல்லிக்கொடுக்கிறார். நகத்தைப் பார், நாக்கைப் பார், மார்பில் விரலால் தட்டிக் கேள். உடம்பு தானே சொல்லும் என்பது அவர் கட்சி. 2008இல் எழுதிய ஒரு கட்டுரையிலும், கட்டிலில் கிடப்பவனை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் தெரியும் நோயாளியைச் சுற்றி டாக்டர்கள் கூடிவிட்டார்களே என்று ஆதங்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவர் பக்கத்திலேயே நின்று பந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவனின் வியாதியைப் பார்க்கத் தவறிவிட்டார். அதை அவர் மறைக்கவில்லை. தமக்கு அந்த நட்பு தேவைப்பட்டது என்பதையும், தம் தேவைதான் தம் கண்ணை மறைத்திருக்கலாம் என்பதையும் வாசகன் உணரும்படி எழுதியிருக்கிறார். ஷெம்முடைய புஸ்தகத்தில் குற்றவாளி ஆஸ்பத்திரி. இங்கே குற்றவாளிக் கூண்டில் எழுத்தாளரே நிற்கிறார். டேவிட்டைக் கொன்றது வேலை நேரம் அல்ல. தன் பலவீனத்தைச் சொல்லிக்கொள்ள டாக்டர்களின் மடத்தில் ஓர் இடம் இல்லை என்பதுதான். ஹால்ஸ்டெட் காலத்துத் துக்கம் நூறு வருஷத்துக்குப் பிறகும் அங்கே குடியிருக்கிறது. நடுநடுவே டென்னிஸ் வர்ணனை சற்று அதிகம்தான். சில பக்கங்களை நான் தாண்டிப் படித்தேன். இருந்தாலும் இரண்டில் உயர்ந்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இனி என் கதை. கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டுமே இருந்த எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் என் தகப்பனார் ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு கிடந்தார். நடுராத்திரி மூச்சு வாங்கவே டாக்டரைக் கூப்பிட ஓடினேன். ஹவுஸ் சர்ஜன், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், கேஸ் ஷீட்டின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை உலுக்க வேண்டியிருந்தது. வந்தான், பார்த்தான், ஊசி போட்டான். விடியற்காலம் நாலு மணிக்கு அப்பா போய்விட்டார். என் கதையில் அவன்தான் வில்லன். அவன் தூக்கத்தை ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருந்தேன்.

நான் கதையில் எழுதாமல் விட்டது இரண்டு. "மூணு நாளா அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகலை தம்பி" என்று அன்றே ஒரு நர்ஸம்மா என்னிடம் சொன்னாள். எழுதினால் கதையின் வேகம் குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மற்றது, எல்லாம் முடிந்த பிறகும் அந்தப் பையன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். வில்லன் அப்படிக் கேட்கமாட்டான் அல்லவா? ஆகவே அதையும் அடித்துவிட்டேன். ஷெம் நோயாளியை விட்டார். நான் டாக்டரை விட்டேன். கட்டிலுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்து மனிதனை மறந்துவிடுவது சுலபம் என்று தெரிகிறது.

தொகுப்பு மறுபதிப்புக்கு வந்தபோது அந்தக் கதையை எடுத்துவிடும்படி பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கி வேறு ஒரு கதை எழுத வேண்டும். இன்னும் வரவில்லை.