கேடிலாக் ராஞ்ச்: வண்ணத்துக்குள் மறையும் வால்துடுப்புகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், அமரில்லோ நகருக்கு மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய வயலில் பத்து கேடிலாக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. பின்பகுதி வானை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. 1974-இல் நிறுவப்பட்ட இப்படைப்பின் பெயர் கேடிலாக் ராஞ்ச். சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிய 'ஆன்ட் ஃபார்ம்' கலைக்குழுவின் சிப் லார்ட், ஹட்சன் மார்க்கெஸ், டக் மைக்கேல்ஸ் ஆகிய மூவரும் இதை உருவாக்கினர். நிலமும் பணமும் தந்தவர் அமரில்லோவின் செல்வந்தர் ஸ்டான்லி மார்ஷ்.

இந்த இடம் ரூட் 66 நெடுஞ்சாலையின் தடத்தில் வருகிறது. 1926-இல் எண் பெற்ற அச்சாலை சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் நீண்டது. அகலமான புதிய நெடுஞ்சாலைகள் வந்தபின் 1985-இல் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. வேகமாகப் போகும் காரை நிறுத்த வைப்பதற்காகவே அதன் ஓரத்தில் பல விசித்திரக் கட்டடங்கள் எழுந்தன. அரிசோனாவின் ஹோல்புரூக்கிலுள்ள 'விக்வாம்' விடுதி அவற்றில் புகழ்பெற்றது. கூம்பு வடிவக் கான்கிரீட் கூடாரங்களே அங்கு அறைகள். விக்வாம் என்பது வடகிழக்குக் காட்டுப் பகுதிப் பழங்குடிகளின் குடில். கூம்புக் கூடாரமோ சமவெளிப் பழங்குடிகளுடையது, அதன் பெயர் டிப்பி. ஹோல்புரூக்கின் அருகே வாழும் நவஹோ மக்களின் வீடு இவ்விரண்டும் அல்ல. பழைய சாலை குறித்த ஏக்கத்தில் எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

கேடிலாக் ராஞ்ச் எதையும் விற்கவில்லை. அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் நியூ மெக்சிகோவில் வால்டர் டி மரியா அமைத்த 'மின்னல் வயல்' என்ற நிலக்கலைப் படைப்பைக் காண முன்பதிவு செய்து ஓர் இரவு தங்கவேண்டும். இங்கே வண்டியைச் சாலையோரம் நிறுத்தி வயலுக்குள் நடந்தால் போதும். என் பார்வையில் இந்த எளிமை அதன் பெரிய பலம்.

படைப்பின் பொருள் கார்களின் வாலில் இருந்தது. 1949 மாதிரியில் தொடங்கி 1963 மாதிரி வரை கால வரிசையில் அவை நடப்பட்டன. போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948-இல் கேடிலாக் காரில் சிறு துடுப்பு ஒன்று முளைத்தது. ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்தது. 1959-இல் உச்சத்தை அடைந்து, பிறகு தாழ்ந்தது. காரின் ஓட்டத்துக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. போன வருடம் வாங்கிய கார் இந்த வருடம் பழையதாகத் தோன்றவேண்டும், அவ்வளவுதான். அந்த வணிகத் தந்திரத்தின் வரலாற்றைப் பத்துக் கார்களில் வரிசைப்படுத்தி, தலையைப் புதைத்து, வாலை மட்டும் காட்டினார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெட்ரோலுக்கு வரிசையில் காத்து நின்றவர்களுக்கு இந்தப் பகடியை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இன்று அந்தத் துடுப்புகளை அடையாளம் காண்பது கடினம். வருகிறவர்கள் எல்லாம் ஸ்ப்ரே பெயிண்டால் பெயர் எழுதுகிறார்கள். வண்ணம் அடுக்கடுக்காகக் கெட்டிப்பட்டு, உலோகத்தின் விளிம்புகளை விழுங்கிவிட்டது. இதை மக்கள் பங்கேற்கும் கலை என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கொண்டாட்டத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1949-இன் கூச்சமான சிறு துடுப்புக்கும் 1959-இன் ஆணவத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாவிட்டால் பத்துக் கார்கள் எதற்கு? ஒன்றே போதுமே. காலியான ஸ்ப்ரே டப்பாக்கள் மண்ணில் சிதறிக் கிடப்பதையும் பங்கேற்பின் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

ஆனால் வேலி போட்டுக் காப்பதும் தீர்வாகாது. வேலிக்குள் நின்றால் அது அருங்காட்சியகப் பொருளாகிவிடும். 1997-இல் நகரம் வளர்ந்து நெருங்கியபோது கார்களைத் தோண்டியெடுத்து, சுமார் 3 கிலோமீட்டர் மேற்கே அதேபோல நட்டார்கள். அவை எந்த மண்ணில் நிற்கின்றன என்பதைவிட, கடந்து போகும் பயணியின் கண்ணில் தனித்துத் தெரிவதே முக்கியமாகக் கருதப்பட்டது. வண்ணப்பூச்சையும் இந்த நோக்கில் பார்க்கலாம். அன்று ஒரு காரைப் பழையதாக்க நிறுவனத்துக்கு ஓராண்டு தேவைப்பட்டது. இன்று காலையில் எழுதிய பெயர் மாலைக்குள் அடுத்தவர் வண்ணத்தில் மறைகிறது. படம் எடுத்து முடித்ததும் எழுதியவருக்கும் அது தேவையில்லை. 1974-இன் பகடியைப் பார்வையாளர்களே, தாம் அறியாமல், இன்னும் விரைவாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படைப்பாளிகளில் ஒருவரான டக் மைக்கேல்ஸ் 2003-இல் இறந்தார். அஞ்சலியாகப் பத்துக் கார்களுக்கும் கறுப்பு வண்ணம் பூசினார்கள். அந்தக் கறுப்பின் மேலும் பயணிகள் வந்து பெயர் எழுதினார்கள்.