திறந்து கிடக்கும் 3389

முன்னுரிமை எண் 100. பெயர் 'டெம்ப்'. எங்கிருந்து என்ற கட்டத்தில் 'எனி'. போர்ட் 3389. முடிவு 'அலோ'. சோழவரம் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை ஜி.என்.டி. சாலையோரச் சிறு தொழிற்கூடங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். கிளவுட் மெஷினுக்குள் யார் வரலாம் என்று சொல்லும் ரூல் பட்டியலில் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஆபீஸில் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் சர்வர் அடிக்கடி படுத்துவிடுகிறது என்று கிளவுடில் ஒரு விர்ச்சுவல் மெஷின் எடுப்பார்கள். முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும், ஆடிட்டர் சென்னையிலிருந்து பார்க்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஐ ஆபீஸ் ஐபி முகவரிக்கு மட்டும் திறப்பார்கள். ஒருநாள் கரண்ட் போய் மோடம் அணைந்து எழும், முகவரி மாறிவிடும். பில் போட முடியவில்லை, சரக்கு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது என்று போன் வரும். "இப்போதைக்கு எல்லாருக்கும் திறந்து விடுங்க சார், சாயங்காலம் மூடிக்கலாம்." அந்தச் சாயங்காலம் வருவதே இல்லை.

அப்படித் திறந்து கிடந்த ஓர் அட்டைப்பெட்டி நிறுவனத்தின் மெஷினில் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 4625 என்ற எண், அதாவது தோற்றுப்போன லாகின், பக்கம் பக்கமாக ஓடியது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர். அந்த நிறுவனத்தின் மேல் யாருக்கும் தனிப்பகை கிடையாது. இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு எந்தக் கதவும் ஒன்றுதான். உள்ளே இருந்ததோ தொழிலாளர்களின் சம்பளப் பட்டியலும் ஆதார் நகல்களும்.

இதற்காகக் கருவியைக் குறை சொன்னால் அது நியாயமாகாது. அஸூர் கிளவுடில் இந்த ரூல்களை வைத்திருக்கும் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. எங்கிருந்து, எந்த போர்ட்டிலிருந்து, எங்கே, எந்த போர்ட்டுக்கு, எந்த புரோட்டோகால் என்று ஐந்தைப் பார்த்து அனுமதிக்கும் அல்லது மறுக்கும். நாம் எழுதும் ரூல்களுக்கு 100 முதல் 4096 வரை எண்; சின்ன எண் முதலில் பார்க்கப்படும், பொருந்தியதும் தேடல் நிற்கும். எதிலும் பொருந்தாமல் உள்ளே வர முயல்வதை 65500 என்ற கடைசி ரூல் தடுத்துவிடும். அனுமதித்த இணைப்புக்கான பதில் தானாகத் திரும்பும். அதற்கென்று தனி ரூல் எழுத வேண்டாம். தனிக் கட்டணமும் இல்லை. ஃபயர்வால் பெட்டி வாங்க முடியாத சிறு பட்டறைக்கு இது பெரிய வரம். அமேசான் கிளவுடின் செக்யூரிட்டி குரூப் இன்னும் எளிமை: அனுமதி மட்டுமே எழுதலாம், வரிசைக் குழப்பமே வராது. ஆனால் குறிப்பிட்ட ஒரு முகவரியைத் தடுக்க நெட்வொர்க் ஏசிஎல் என்ற வேறொரு பட்டியலுக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் ஏன் தவறுகிறது? இந்த ஏற்பாட்டுக்கு முகவரி தெரியும், ஆள் தெரியாது. நிலையான ஐபிக்கு மாதாமாதம் தனியாகப் பணம் கட்டும் ஊரில் இந்தக் குறை பெரிதாகக் கனக்கிறது. மொபைல் இணைப்பில் இன்னும் மோசம்: ஒரே பொது முகவரிக்குப் பின்னால் எத்தனையோ வாடிக்கையாளர்களை நிறுவனங்கள் அடுக்கி வைக்கின்றன. ஆடிட்டரின் மொபைல் ஐபியை அனுமதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், அந்த முகவரியைப் பகிரும் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்திருக்கிறார். இணையதளத்துக்கான 443 போர்ட்டைத் திறந்தால் அதன் வழியே வருவது வாடிக்கையாளரின் ஆர்டரா, தாக்குதலா என்றும் இதற்குத் தெரியாது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைத்தான் இது படிக்கும், பிரித்துப் பார்க்காது.

நான் அதிகம் அஞ்சுவது, நாம் எழுதாமலேயே இருக்கும் ரூல்களைத்தான். அஸூரில் 65000 என்ற ரூல், ஒரே விர்ச்சுவல் நெட்வொர்க்கில் உள்ள மெஷின்கள் தங்களுக்குள் தடையின்றிப் பேச விடுகிறது. வெளியே போகும் பக்கம் 65001, இணையத்தில் எங்கு வேண்டுமானாலும் போக விடுகிறது. வாசலைப் பூட்டிவிட்டு உள்ளறைகளையும் கொல்லையையும் திறந்து போட்ட வீடு அது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் உலகெங்கும் 445 போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவித்தான் பரவியது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அவை கிளவுட் மெஷின்கள் இல்லாமல் இருக்கலாம், பாடம் அதேதான். கணக்கு மெஷினுக்கும் சிசிடிவி மெஷினுக்கும் பேச்சே தேவையில்லை என்றால், அதைத் தடுக்கும் ரூலை நாம்தான் எழுதியாக வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ரூலை மாற்றினால் அது புதிய இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் இணைப்பு அறுபடாது. திருடன் நுழைந்தது தெரிந்து 'டெம்ப்' ரூலை அழித்துவிட்டு மூச்சு விடுகிறவர், மெஷினை நிறுத்தி அந்த இணைப்பை அறுக்கவும் வேண்டும்.

திறப்பதற்கும் மூடுவதற்கும் கணக்கு வைப்பது எப்படி என்று எங்கள் பக்கத்துச் சோழவரம் ஏரியைப் பாருங்கள். அதன் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. அங்கிருந்து புழலுக்குத் தண்ணீர் போனால் எவ்வளவு போனது என்பது அன்றன்றைக்குக் கணக்கில் ஏறுகிறது. ஷட்டருக்குப் பொறுப்பான ஆள் இருக்கிறார். நம் ரூல்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை, ஆளும் இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஏன் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. எடுத்தால் எது நிற்குமோ என்ற பயத்தில் யாரும் தொடமாட்டார்கள். சப்நெட்டில் ஒன்று, நெட்வொர்க் கார்டில் ஒன்று என இரண்டு குரூப்களைச் சேர்த்து மாட்டியிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். இரண்டும் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும் என்பதை மறந்து ஒரு பகலையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கணக்கு வைப்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததும் இல்லை. 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நெட்வொர்க் போக்குவரத்து லாகை இயக்காமல் ரூல் மட்டும் எழுதி வைத்திருப்பவரிடம் யார் வந்தார்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

என் முடிவு இது. செக்யூரிட்டி குரூப்பை விட வேண்டாம். ஆனால் அதை ஒற்றைக் காவலாக நம்ப வேண்டாம். 3389-ஐயும் லினக்ஸ் மெஷின்களுக்கான எஸ்எஸ்எச் போர்ட் 22-ஐயும் இணையத்துக்கு மூடிவிட்டு விபிஎன் வழியாக உள்ளே வாருங்கள். அங்கே முகவரியைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறார்கள். அஸூர் பாஸ்டியன் போன்ற தொலை நுழைவுச் சேவைக்கு மணிக்கணக்கில் பணம் கட்ட முடியாத பட்டறைக்கு, சின்ன மெஷின் ஒன்றில் ஓடும் வயர்கார்டு விபிஎன்னே போதும். ஒவ்வொரு ரூலிலும் விளக்கம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. யார் கேட்டார், எதற்கு, எந்தத் தேதியில் மூட வேண்டும் என்று அதில் எழுதுங்கள். இன்றைக்கே உங்கள் பட்டியலைத் திறந்து, 'எனி' என்று இருக்கும் வரிகளை எண்ணிப் பாருங்கள்.