மிஷன் பணி: இரு கரைகள், இரு சோதனைகள்

தமிழ்க் கிறிஸ்தவ மிஷன் பணியைப் பாக்கு நீரிணை பிரித்ததில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி ஜான் ஸ்கடர் 1836இல் சென்னைக்கு மாறினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையில் யாழ்ப்பாண ஆதீனமும் சேர்ந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறது.

பணியின் வடிவமும் இங்கும் அங்கும் ஒன்றுதான்: பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. உடுவில் பெண்கள் பள்ளி 1824இல். வழி பிரிந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுபோயின. யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில மட்டுமே தனித்து நின்றன. இந்தியாவிலோ, சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு காத்தது.

பள்ளிகள் கைவிட்டுப்போன இலங்கைத் திருச்சபையைப் பிறகு உள்நாட்டுப் போர் சோதித்தது. 2011இல் மன்னார் கத்தோலிக்க ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். வன்னியில் இருந்த மக்கள்தொகை பற்றிய கச்சேரி (மாவட்டச் செயலகம்) பதிவிலிருந்து, அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் தொகையைக் கழித்தால் மீதி 1,46,679. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்த எண்ணில் அடங்கியவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்தவர் அல்லர். ஆள் சேர்க்காத மிஷன் பணி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டில் சோதனை உள்ளிருந்தே வருகிறது. நிறுவனங்கள் நிலைத்ததால் அட்மிஷன், பணி நியமனம், சொத்து வழக்கு ஆகியவையே சபையின் அன்றாடமாகிவிட்டன. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுப்பது அநீதி என்று சபை வாதாடுகிறது, நியாயமான வாதம். ஆனால் சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கையில் அந்த வாதம் வலுவிழக்கிறது. சாதி யாழ்ப்பாணச் சபைகளுக்கும் புதிதல்ல.

இந்தியாவில் துணிவு இல்லாமல் இல்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2021இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். ஆனால் அத்தகைய துணிவு தனிமனிதரோடு நின்றுவிடுகிறது. இலங்கையில் சபைக்குப் பணியைக் காட்டியது இழப்பு. தமிழ்நாட்டுச் சபை எதையும் இழக்கவில்லை. அதனால் தன் கையிலுள்ள இடங்களும் வேலைகளும் யாருக்குப் போகின்றன என்று அது தானாகவே கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.