இராயப்பரும் பேதுருவும்

இராயபுரம் என்று ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே நாக்கு கிறித்தவத்தின் ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. படகுக்காரக் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே எழுப்பிய கத்தோலிக்கக் கோயில் புனித இராயப்பருக்கு உரியது. அவரால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பது வட்டார வழக்கு. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் லுத்தரன்களும் பேதுரு என்று அழைக்கும் அதே கலிலேயா மீனவர்தான் இந்த இராயப்பர். பழைய கத்தோலிக்கக் குருக்கள் பெயரின் பொருளைத் தமிழாக்கினார்கள். பேதுரு என்றால் பாறை, தெலுங்கில் 'ராயி' என்றால் கல், ஆகவே இராயப்பர். அதே முறையில் பவுல் சின்னப்பர் ஆனார், யோவான் அருளப்பர் ஆனார். பின்னால் வந்த சீர்திருத்தச் சபையார் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரசனை வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பாறையின்மேல்தான் கிறித்து தம் திருச்சபையைக் கட்டினார், போப்பாண்டவர் அந்தப் பாறையின் வாரிசு என்பது கத்தோலிக்க வாதம். பாறை என்று சொல்லப்பட்டது பேதுரு அறிக்கையிட்ட விசுவாசத்தையே என்பது மறுதரப்பு வெகுகாலமாகச் சொல்லும் பதில். இராயபுரத்துக்கு ரயில் டிக்கெட் கேட்கிறவருக்கு இதெல்லாம் நினைவில் இருக்காது. ஆனால் பெண் கேட்டுப் போகிற வீட்டில் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வெளியாள் கண்ணுக்கு இவர்கள் எல்லோரும் 'கிறிஸ்டியன்'. உள்ளே 'ஆர்சி', 'சிஎஸ்ஐ', 'பெந்தெகொஸ்தே' என்று பிரித்துத்தான் பேச்சு. இவர்களுக்குள் கத்தோலிக்கர் கண்டிப்பானவர்கள், சீர்திருத்தச் சபையார் தாராளமானவர்கள் என்பது பொதுவான எண்ணம். என் கணிப்பு வேறு. கத்தோலிக்கத் திருச்சபை இன்று எதிர்த்தரப்பு ஆளை ஏற்றுக்கொள்கிறது, அவருடைய சபையை ஏற்கத் தயங்குகிறது. சீர்திருத்தச் சபையாரில் பெரும்பகுதியினர் பந்தியில் இடம் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே உட்கார்ந்தவர் இரட்சிக்கப்பட்டவர்தானா என்று சந்தேகப்படுகிறார்கள். இரண்டும் பாதித் தாராளம்தான். ஒன்று நிறுவனத்தின் வாசலில் நிற்கவைக்கிறது, மற்றது ஆளின் ஆத்துமாவையே விசாரணைக்கு இழுக்கிறது.

பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய சில ஆண்டுகளில் லுத்தரன் அச்சகம் தமிழில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு எதிராக எழுதியவர் சாமானியர் அல்லர், தேம்பாவணி தந்த வீரமாமுனிவர். வேத விளக்கமும் பேதகம் மறுத்தலும் லுத்தேரினத்து இயல்பும் தமிழ் உரைநடையின் தொடக்க காலச் சாதனைகள் என்று இலக்கிய வரலாறு பாராட்டும். அவை தமிழ்ப் பேச்சில் 'பதிதர்' (நெறி தவறியவர்) என்ற சொல்லைக் கூர்தீட்டிய நூல்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1749இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கர் எதிரிக்குச் சாய்வானவர்கள் என்று சந்தேகித்தார்கள். அர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் வேப்பேரியில் கட்டிய கோயிலைக் கத்தோலிக்கரிடமிருந்து பறித்து லுத்தரன் மிஷனரி ஃபப்ரீசியஸிடம் கொடுத்தார்கள். யார் மோட்சத்துக்குப் போவார் என்ற கேள்வியோடு யாருக்குச் சொத்து என்ற கேள்வியும் இந்த நகரத்தில் அப்போதே ஒட்டிக்கொண்டது.

இப்போதைய கத்தோலிக்க நிலைப்பாட்டின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பது அங்கே பழைய போதனை. 1302இல் போப் எட்டாம் போனிஃபாஸ், போப்பாண்டவருக்குக் கீழ்ப்படிவதையே மீட்புக்கு நிபந்தனையாக்கினார். ஆனால் 1949இல், அந்தப் போதனையை எழுத்துக்கு எழுத்து வலியுறுத்திய அமெரிக்கக் குரு லியோனார்ட் ஃபீனியை ரோமாபுரியே திருத்தியது; அவர் பணியாததால் 1953இல் சபைவிலக்கும் செய்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிரிந்திருக்கும் சபைகளையும் ஆவியானவர் மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்துகிறார் என்று ஏற்றுக்கொண்டது. சிஎஸ்ஐயில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராகச் சேர்ந்தால் அவருக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை. தனி மனிதரின் மீட்பு கடவுளுக்கும் அவருக்கும் இடையிலான காரியம், அதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை என்ற அடக்கம் இதில் இருக்கிறது. அடக்கம் அதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் செல்லாதவை என்று 1896இல் போப் பதின்மூன்றாம் லியோ அறிவித்தது இன்றும் திரும்பப் பெறப்படவில்லை. ஆங்கிலிக்கன் ஆயர்வரிசையை ஏற்று 1947இல் உருவான சிஎஸ்ஐயையும் அது தொடுகிறது. 2000இல் வந்த 'தோமினுஸ் இயேசுஸ்' ஆவணம், இத்தகைய சபைகளைச் சரியான பொருளில் திருச்சபைகள் என்று சொல்ல முடியாது என்றது. ஒரு மனிதரைப் பார்த்து உன் விசுவாசம் உண்மையானது, உன்னை அந்த விசுவாசத்தில் வளர்த்த சபை மட்டும் சபையே அல்ல என்பது, பிள்ளையைப் புகழ்ந்து தாயைப் பழிப்பது போன்றது.

இதன் வலி நூல்களில் தெரியாது, கல்யாணத்தில் தெரியும். ஆர்சி பையனும் சிஎஸ்ஐ பெண்ணும் மணக்க வேண்டுமானால் 1983ஆம் ஆண்டுச் சபைச் சட்டப்படி ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து விலக்குப் பெறாமல் சிஎஸ்ஐ கோயிலில் நடந்த திருமணம், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி செல்லும், கத்தோலிக்கச் சட்டப்படி செல்லாது. சட்டம் மதம் மாறச் சொல்லவில்லை. இருந்தும் கோயிலில் திருமண ஓலை வாசிப்பதற்கு முன் இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு என்று பெண்ணை 'மாறிக்கொள்ள' வைப்பது சுலப வழியாகிவிடுகிறது. விட்டுக்கொடுக்கச் சட்டம் திறந்துவைத்த கதவை வழக்கம் சாத்திவிடுகிறது. சொல் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. கத்தோலிக்கருக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர். சிஎஸ்ஐயில் ஆயர் என்றால் உள்ளூர்ப் போதகர். ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றால் சம்பந்தி வீட்டார் எதற்கு இவ்வளவு அலைச்சல், அவர் அடுத்த தெருவில்தானே இருக்கிறார் என்று நினைக்க இடமுண்டு.

சீர்திருத்தத் தரப்புக்கு வருவோம். இங்கே ஒரே தரப்பு என்று பேசுவதே பிழை. சிஎஸ்ஐ பொதுவாகப் பிற சபையில் திருவிருந்து எடுப்பவரைத் தன் பந்தியிலிருந்து தள்ளுவதில்லை. ஆனால் வடசென்னையின் சிறு சபைகளும் வீட்டு ஜெபக்கூட்டங்களும் பெருகியபின், பெந்தெகொஸ்தே கேள்வி சிஎஸ்ஐ பெஞ்சுகளுக்கும் வந்துவிட்டது: 'நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?' இந்தக் கேள்வியை ஏளனம் செய்வது எளிது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பிறப்பால் வந்த பெயரும் பண்டிகைக்குப் போகிற பழக்கமும் விசுவாசம் ஆகிவிடாது, ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று அது கேட்கிறது. குடித்துச் சீரழிந்த ஆள் அந்தக் கேள்வியில் நின்று திருந்துவதும் உண்டு. குறை, கேள்வி கேட்கிறவர் பதிலையும் தானே வைத்திருப்பதில். மாதாவுக்கு மாலை போட்டால் விக்கிரக ஆராதனை, செபமாலை சொன்னால் வீண் வார்த்தை, ஆகவே இரட்சிப்பு இல்லை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று மறுபடி மூழ்கவைக்கும் சபைகள், கத்தோலிக்கரை மட்டுமல்ல, சிஎஸ்ஐக்காரரையும் சேர்த்தே கிறித்தவர் அல்லர் என்று சொல்கின்றன. ரோமாபுரி சபையைத்தான் மறுத்தது. இங்கே ஆளே மறுக்கப்படுகிறார். இரண்டில் எது கொடியது என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

நம்புவதை நம்புகிறபடி சொல்வது குற்றமா என்று இதற்கு மறுப்பு வரும். அடுத்தவர் நரகத்துக்குப் போகிறார் என்று உண்மையாகவே அஞ்சுகிறவர் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டால், அதுதானே அன்பின்மை? வலுவான மறுப்பு. ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அடுத்தவர் என்ன நம்புகிறார் என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் தெரியவில்லை. நற்செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்பது கத்தோலிக்கப் போதனை என்று ஒரு தரப்பு நினைக்கிறது. விசுவாசித்தால் போதும், எப்படியும் வாழலாம் என்பது லுத்தரன் போதனை என்று மறுதரப்பு நினைக்கிறது. இரண்டுமே தவறு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மனிதர் நீதிமானாக்கப்படுவது கிருபையால்தான், தம் தகுதியால் அன்று என்று இருவரும் சேர்ந்து சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டுச் சாபங்கள், அறிக்கையில் விளக்கியபடியான மறுதரப்புப் போதனையின்மீது விழாது என்றும் ஒப்புக்கொள்கிறது. மெதடிஸ்ட் சபைகள் 2006இல் அதில் சேர்ந்தன. ஆங்கிலிக்கன்கள் 2016இல் அதன் சாரத்தை ஏற்றார்கள். சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017இல் இணைந்தது. இந்த மூன்று குடும்பங்களோடும் சிஎஸ்ஐக்கு உறவு உண்டு. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை லுத்தரன் கூட்டமைப்பின் உறுப்பினர். இராயபுரத்தில் சண்டையிடும் இரு தரப்பின் தாய்ச்சபைகளும், சண்டையின் மூலக்காரணத்தில் பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டதாக எழுதிக்கொடுத்துவிட்டன. ஆனால் இரு தரப்புப் பிரசங்க மேடைகளும் அதை மக்களிடம் கொண்டுசேர்க்கவில்லை.

கொண்டுசேர்த்தாலும் புரியுமா என்பது அடுத்த கேள்வி. கத்தோலிக்கர் மீட்பு, அருள், திருமுழுக்கு என்கிறார்கள். மறுதரப்பு இரட்சிப்பு, கிருபை, ஞானஸ்நானம் என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த இரண்டு தமிழையும் ஒன்றாக்க முயன்றது. அதற்காகக் கத்தோலிக்கர் விட்டுக்கொடுத்தது அதிகம்: இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் அதில் பேதுரு, பவுல், யோவான் ஆனார்கள். சீர்திருத்தச் சபையாரோ இன்னும் மிஷனரி பவர் தலைமையிலான 19ஆம் நூற்றாண்டுத் திருப்புதலையே மடியில் வைத்திருக்கிறார்கள். பொது மொழிபெயர்ப்பு நடைமுறையில் கத்தோலிக்க மொழிபெயர்ப்பாகிவிட்டது. மனப்பாடமான வசனத்தை யாரும் எளிதில் மாற்றிக்கொள்ளமாட்டார்கள் என்பது நியாயம்தான், அதற்கு விலை இருக்கிறது என்பதும் நியாயம்.

இவ்வளவு தேவையா, மக்கள் சேர்ந்துதானே வாழ்கிறார்கள் என்பவர்கள் காசிமேட்டுக் கல்லறையைக் காட்டுவார்கள். அங்கே ஆர்சியும் சிஎஸ்ஐயும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று இரு தரப்பும் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகின்றன. உண்மைதான். ஆனால் அதே நாளில்தான் வேறுபாடு முழு உருவில் நிற்கிறது. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக மன்றாடுகிறார். பக்கத்துக் கல்லறையில் நிற்கும் சிஎஸ்ஐக்காரருக்கு, போதனைப்படி, செத்தவருக்காக மன்றாட ஒன்றுமில்லை. நன்றி சொல்லலாம், அவ்வளவே. 1517இல் லுத்தர் எழுப்பிய பாவமன்னிப்புச் சீட்டுச் சர்ச்சை இந்த ஆத்துமாக்களைப் பற்றியதுதான். ஐரோப்பாவைப் பிளந்த கேள்வி காசிமேட்டில் ஒரே வத்திப்பெட்டியில் பற்றவைக்கப்படுகிறது. அது அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஒற்றுமை, கேள்வியைக் கேட்காததால் வந்தது. யாராவது கேட்டுவிட்டால், அதாவது மரணத்துக்குப் பதில் ஒரு திருமணம் குறுக்கே வந்தால், உடனே கலைந்துவிடுகிறது.

அதனால் இரு தரப்புக் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1999 கூட்டறிக்கையில் இரட்சிப்பின் நிச்சயம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. லுத்தரன் வாக்குறுதியைப் பற்றிக்கொள்கிறார், கத்தோலிக்கர் தன் பலவீனத்துக்கு அஞ்சுகிறார், இருவரும் கடவுளின் இரக்கத்தை ஐயுறுவதில்லை என்பதே அதன் சாரம். கலப்புத் திருமணத்துக்கு அனுமதி கேட்டு வரும் வீட்டாரை அனுப்பிவிடாமல், ஓலை வாசிக்கும் முன் ஃபாதரும் சிஎஸ்ஐ ஆயரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பகுதியை மீட்பு என்றும் இரட்சிப்பு என்றும் இரு தமிழிலும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன்பிறகும் பெண் மாறிக்கொள்வதாகச் சொன்னால், அது அவளுடைய முடிவாக இருக்கட்டும்.