பட்டினப்பாலையிற் செலவழுங்கல்

வானூரை அடுத்த மரக்காணத்து உப்பளக் கரையைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தொடு இயைத்துக் காண்பர் அறிஞர் சிலர். அக்கரையில் வாழ்வார்க்குப் பொருள்வயிற் பிரிவு பழங்கதை அன்று. கடல்கடந்த ஆக்கமோ காதலோ என்னும் வினா இன்றும் இளையோர்முன் நிற்கின்றது. அதற்குப் பட்டினப்பாலை தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இப்பாட்டு 301 அடிகளையுடையது. காவிரிப்பூம்பட்டினத்தையும் கரிகாலனையும் பாடும் பகுதியே பெரிது. அகப்பொருள் கூறுவன ஒருசில அடிகளே. ஆகலின் அகம் ஈண்டுப் பெயரளவே என்பார் உளர். அது பொருந்தாது. கடல்வழி வந்த குதிரை, தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என உலகமே குவிந்த நகரைப் பெறுவதாயினும் தலைவியைப் பிரியேன் என்கின்றான் தலைவன். மறுக்கப்படுவதன் பெருமையைக் குறையாது கூறுதலாலேயே மறுப்பு எடையுடைத்தாகின்றது. சிறியதைத் துறத்தல் யார்க்கும் எளிது.

எனினும் ஓர் ஐயம் எழும். செலவிடை அழுங்கலைச் செல்லாமையாகக் கொள்ளார் தொல்காப்பியர். ஆற்றுவித்தற்பொருட்டுத் தாழ்த்தலாகவே கொள்வர். அவ்விதிப்படி இத்தலைவனும் பின்னர்ச் செல்வான் எனலாமோ? தலைவியை ஆற்றுவித்தலே கருத்தாயின் அவள் கேட்பாளாதல் வேண்டும். ஈண்டோ அவன் கூற்று நெஞ்சை நோக்கியது, தலைவி கேட்டிலள். ஆதலின் இஃது அவளைத் தேற்றும் உத்தியன்று, அவனது உள்ளத் துணிவே எனல் எமக்கு ஏற்புடைத்து.

ஆயின், அத்தனிமையே இப்பாட்டின் எல்லையுமாம். கரிகாலன் செங்கோலினும் தண்ணியவாக அவள் தோள்கள் போற்றப்பட்டன. அவள் கருத்து வினவப்பட்டிலது. இன்று இவ்வினாவை எதிர்ப்படுவார் இப்பாட்டினின்று துணிவைக் கொள்க. நெஞ்சொடு கிளந்ததனைக் காதலியொடும் கிளக்க.